பேசியவருக்கும் படத்தைக் காட்டுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் மகளிர் அமைப்பு ஒன்றின் அறிமுகக் காணொளிக்காகக் கல்லூரி மாணவர்கள் பேட்டி எடுத்ததை அண்மையில் உடனிருந்து பார்த்தேன். "இந்த அமைப்பால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது?" என்பதே எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வி. ஏலக்காய்த் தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறும் பெண் ஒருவர், கடன் கிடைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நெருக்கியடித்துச் செல்லும் அந்தப் பயணத்தின் அச்சத்தையே நெடுநேரம் பேசினார். முடிந்த படத்தில் அந்த ஒரு வரி மட்டுமே இருந்தது.

மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை; மூன்று நிமிடப் படம், கேட்டதும் அமைப்புதான். ஆனால், கனடாவின் ஃபோகோ தீவு மக்களை 1967-இல் படமெடுத்த கோலின் லோ, படங்களை முதலில் அவர்களுக்கே திரையிட்டார். பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகே வெளியார் பார்த்தனர். குடிபெயர்க்கப்படும் நிலையிலிருந்த அத்தீவினர், கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே நிலைத்தனர். அகமதாபாத்தின் சேவா அமைப்போ 1984-இல், எழுத்தறியாதோர் உள்ளிட்ட பெண்களிடம் கேமராவையே கொடுத்துவிட்டது.

நம் மாணவர்களுக்கு ஒரு கைப்பேசியும் அரை மணி நேரமும் போதும். ஜீப்புகள் மலையிறங்கும் மாலை வேளையில் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.