மாடு அனுப்பும் மெசேஜ்!

ஆபீஸில் நீங்கள் எத்தனை தடவை டீக்கு எழுந்து போனீர்கள் என்று மேனேஜருக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு மாடு இன்று எவ்வளவு நேரம் அசை போட்டது என்று அதன் முதலாளிக்குத் தெரியும். நிமிஷக் கணக்கில்!

எல்லாம் கழுத்துப் பட்டையின் உபயம். உள்ளே இருக்கிற சமாசாரம் ஒன்றும் புதுசில்லை. செல்போனைப் படுக்க வைத்தால் திரையும் திரும்புகிறதே, அதே அசைவு உணரும் சில்லுதான். இஸ்ரேலில் அஃபிகிம் என்ற கூட்டுப் பண்ணைக்காரர்கள் 1980களிலேயே மாட்டுக் காலில் நடை எண்ணும் கருவியைக் கட்டிவிட்டார்கள்.

ஆரோக்கியமான பசு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அது குறைந்தால், 'உடம்பு சரியில்லை, பார்' என்று போனுக்குச் செய்தி வரும். அசை குறைந்து, நடை மட்டும் திடீரென்று கூடினால் வேறு சேதி... 'மாடு பருவத்துக்கு வந்தாச்சு!'

சிரிக்காதீங்க சார். பால் வியாபாரமே இந்தச் சேதியில்தான் இருக்கு.

பசுவுக்குப் பருவம் சுமார் 21 நாளைக்கு ஒரு முறை. வந்தாலும் முழுசா ஒரு நாள் நிற்காது. காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. நடுராத்திரி அறிகுறி காட்டிவிட்டு விடிந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிற மாடுகளும் உண்டு. எருமை இன்னும் அழுத்தம். பல சமயம் வாயே திறக்காது. அதற்கு 'ஊமைப் பருவம்' என்றே பெயர்!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு பருவம் தவறினால் அடுத்த கன்று 21 நாள் தள்ளிப் போகிறது. தீவனச் செலவு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 3,150 ரூபாய். மூன்று தடவை கோட்டை விட்டால் 9,450. பால் வற்றினாலும் மாடு சாப்பாட்டுக்கு லீவு போடாதே!

ரெண்டு மாடு வைத்திருக்கிறவர் பட்டைக்கு எங்கே போவார்? அவர் மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை இருக்கும். அதில் நம்ம ஆதார் மாதிரியே 12 இலக்க எண். தடுப்பூசி, சினை ஊசி, கன்று எல்லாம் அந்த எண்ணில் 'பாரத் பசுதன்' கணக்கில் ஏறும். மாடு இறந்து இன்ஷூரன்ஸ் கேட்டால் முதல் கேள்வியே வில்லையைப் பற்றித்தான். காதிலிருந்து விழுந்தால் உடனே சொல்லி வேறு போட வேண்டும்.

ஆனால் வில்லை தானாக எதையும் எழுதாது. ஊசி போட்டவர் பதிவு செய்தால்தான் உண்டு. 'தேதியை ஏத்திட்டீங்களா சார்?' என்று கேட்டு வாங்குவது நம்ம வேலை.

ஊரில் அப்பா மாடு வைத்திருக்கிறாரா? இன்றைக்கே போன் போட்டு, கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேளுங்கள். அதிலிருந்து 18வது நாளுக்கு உங்கள் செல்லில் அலாரம் வையுங்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் காலை, மாலை, ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை மாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டாச்சா? மறுபடியும் அதே 18 நாள் அலாரம். கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவு கட்டாமல், மூன்றாவது மாதம் டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

பட்டை வாங்கக் காசு வேண்டும். அலாரத்துக்கு வேண்டாம்!