ஆட்டிசமும் இல்லத்து வரவு செலவும்

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத குழந்தையைப் பிடிவாதம் என்று கடிவது தகாது. முதலில் செவியைச் சோதித்தல் வேண்டும். அதில் குறையில்லையெனில் ஆட்டிசமாக இருக்கலாம். 1943-இல் மருத்துவர் லியோ கானர் விவரித்த இந்நிலை, மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. இதனை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. உண்டென்று விளம்பரம் செய்வோரிடம் சேமிப்பைக் கொட்டுவானேன்?

பயன் தருவன பேச்சு முதலிய பயிற்சிகளே. (அதற்காக வீட்டில் தமிழையே விட வேண்டும் என்போர் உளர், அதற்கு ஆதாரமில்லை.) பயிற்சித் தொகையை, வாடகையைப் போல, சம்பள நாளிலேயே ஒதுக்குக, ஊர்ப் பயணம் அதன் பின்னரே. 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை உதவும். அதற்கு வேண்டிய மாற்றுத்திறன் சான்றிதழ், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடெங்கும் செல்லும். மாற்றலாகும் ஊர்தோறும் புதிதாகப் பெற வேண்டியதில்லை.