சிக்ஸர் அடித்த மட்டை படத்தில் ஏன் வளைகிறது?

ஷட்டர் வேகம் 1/4000 நொடி வைத்துத்தான் எடுத்தீர்கள். மங்கல் துளியும் இல்லை. ஆனால் மட்டை வளைந்து நிற்கிறது! எப்படி?

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவதில்லை. மேலிருந்து வரிசை வரிசையாகக் கீழே வருகிறது. பந்தியில் பார்த்திருப்பீர்களே, கடைசி இலைக்குச் சாம்பார் வரும்போது முதல் இலைக்காரர் ரசத்துக்குப் போயிருப்பார். அப்படித்தான், கடைசி வரிசை பதிவாகும்போது மட்டை வேறிடத்தில் இருக்கிறது.

எவ்வளவு தள்ளி? சாதாரண சென்சார்கள் பலவும் ஒரு படத்தை வாசிக்க 1/30 நொடிபோல எடுத்துக்கொள்ளும். மட்டையின் நுனி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுழன்றால், அதற்குள் 90 செ.மீ. கடந்துவிடும்! வேகமான அடுக்குச் சென்சார் 1/200 நொடியில் முடித்தால் வெறும் 14 செ.மீ.தான். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9-இன் மூன்றாம் பதிப்போ எல்லா இலைக்கும் ஒரே கணத்தில் பரிமாறிவிடுகிறது. வளைவே கிடையாது.

ஆகவே புது பாடி வாங்கும்போது நொடிக்கு எத்தனை படம் என்பதோடு நிற்காதீர்கள். சென்சார் வாசிக்கும் வேகத்தையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. பட்ஜெட் இடிக்கிறதா? மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். நல்ல பாடிகளில் அதன் திரை ஏறத்தாழ 1/250 நொடியில் சென்சாரைக் கடந்துவிடும்.