மாவட்டத்தின் விளைச்சல் மதிப்பு: கணக்கு எப்படிப் பிறக்கிறது, வணிகர் எப்படிப் படிப்பது?

பட்ஜெட் சமயத்திலும் அறுவடைக் காலத்திலும் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். இந்த ஆண்டு இவ்வளவு லட்சம் டன் நெல் விளைந்தது, பால் இவ்வளவு கூடியது, வேளாண் உற்பத்தியின் மதிப்பு இத்தனை கோடி என்று புள்ளிவிவரம் போடுவார்கள். அதைப் படித்துவிட்டு, "விளைச்சல் அமோகம், விலை இறங்கும்" என்று கொள்முதலை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. "வரத்து குறையும்" என்று கடன் வாங்கிச் சரக்கு நிரப்புபவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நமது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குறைவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. "விவசாயிக்குக் கிடைத்தது இவ்வளவு, கடையில் விற்பது இவ்வளவு, நடுவில் உள்ளதெல்லாம் வியாபாரியின் கொள்ளை" என்று அதே புள்ளிவிவரத்தை வைத்தே நம் மீது பழி சுமத்துகிறார்கள். ஆகவே இந்தக் கணக்கு எங்கே பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

கணக்கின் வேர் கிராமத்தில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2, எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்பதைப் பதிவு செய்கிறது. அது வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் தொகுக்கப்பட்டு, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் 'பருவ மற்றும் பயிர் அறிக்கை'யாக ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஆண்டு என்றால் இங்கே பசலி ஆண்டு. ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை உள்ளது 1434ஆம் பசலி.

பரப்பு தெரிந்துவிட்டது, விளைச்சல் எப்படித் தெரியும்? எல்லா வயலையும் எடை போட முடியாது. இதற்குத்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை. குலுக்கல் முறையில் கிராமத்தையும், அதில் வயலையும், வயலில் எந்த இடம் என்பதையும் தேர்ந்தெடுத்து, நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து கயிறு கட்டி, அதை மட்டும் தனியாக அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400ல் ஒரு பங்கு. உதாரணமாக அந்தச் சதுரத்தில் 12 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. நமது வழக்கத்தில் சொன்னால் ஏக்கருக்குச் சுமார் 1,940 கிலோ, 75 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 26 மூட்டை. ஈரப்பதம் கழித்தால் இது இன்னும் குறையும். இந்த மாதிரி முறையை நம் நாட்டில் 1940களில் நிலைநிறுத்தியவர்கள் மகலனோபிஸ், சுகாத்மே என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள். எவ்வளவு பெரிய சதுரம் அறுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது என்பது சுவையான செய்தி.

முறை நல்ல முறைதான். ஆனால் பரப்புக் கணக்கு சரியாக இருந்தால்தான் பெருக்கி வரும் தொகையும் சரியாக இருக்கும். வயலைப் பார்க்காமல் போன ஆண்டுப் பதிவையே திருப்பி எழுதினால் அறுவடைப் பரிசோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தும் பயனில்லை. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களையும் ஈடுபடுத்தி டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்பு நடத்தப்பட்டதன் நோக்கமே இந்தப் பதிவை வயலோடு ஒட்டவைப்பதுதான்.

நமது பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கீரை 25, 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஒரே துண்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் மாறி மாறி விதைப்பார்கள். நெல்லைப் போல ஒரு பருவத்தில் நின்று நிதானமாகக் கணக்கெடுக்கும் பயிர் அது அல்ல. பூவும் அப்படியே. முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் அதில் பாதிகூட இல்லை. இவற்றுக்கெல்லாம் ஆண்டுச் சராசரி என்று ஒரு விலை போட்டுப் பெருக்கினால் வரும் தொகையைக் கீரைக் கட்டு விற்பவரும் பூக்கடைக்காரரும் கண்டு சிரிக்கத்தான் செய்வார்கள். நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றின் புள்ளிவிவரத்தில் வைக்கும் நம்பிக்கையைக் கீரை, பூ, காய்கறியில் அப்படியே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த விலையால் பெருக்குகிறார்கள்?

இதுதான் வணிகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம். உற்பத்தி மதிப்பு என்பது கடை விலையில் போட்ட மதிப்பு அல்ல. மண்டி விலையிலும் அல்ல. விளைவித்தவர் அறுவடைக் காலத்தில் தம் ஊரிலேயோ, அருகில் உள்ள முதல் சந்தையிலேயோ விற்கும்போது அவர் கைக்கு வரும் விலையில் போட்டது. அறுவடை விலை என்று தனியாகவே இதைத் திரட்டுகிறார்கள். அறுவடை மும்முரத்தில் விலை ஆண்டிலேயே தாழ்ந்த நிலையில் இருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்துச் செங்குன்றம் மண்டியில் நாம் வாங்கும் விலையை அதோடு ஒப்பிடுவது, சேமிப்பு, வட்டி, காய்ச்சல் கழிவு எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒப்பிடுவதாகும்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,320 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 130 ரூபாய். ஆக 2,450 ரூபாய். கிலோ 24 ரூபாய் 50 காசு. "நெல் 24 ரூபாய், அரிசி மட்டும் ஏன் இத்தனை?" என்று கேட்பார்கள். நூறு கிலோ நெல்லுக்கு அரசுக் கணக்கிலேயே பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோதான். அப்படியென்றால் ஆலைக்குள் நுழையும் முன்பே ஒரு கிலோ பச்சரிசியில் அடங்கிய நெல்லின் விலை 36 ரூபாய் 50 காசைத் தாண்டிவிடுகிறது. தவிடும் குருணையும் விற்றுக் கொஞ்சம் திரும்ப வரும், உண்மை. ஆனால் அவியல் செலவு, அரவைக் கூலி, சாக்கு, ஏற்றுகூலி இறக்குகூலி, லாரி வாடகை, எடைக் குறைவு, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையிலிட்டு விற்கும் அரிசிக்கு வந்த 5 சதவிகித ஜி.எஸ்.டி. ஆகியவை எல்லாம் அதற்கு மேல்தான் ஏறுகின்றன. வாடிக்கையாளரோ அதிகாரியோ கேட்கும்போது கோபப்படாமல் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டலாம்.

மற்றொன்று, மதிப்பு கூடியது என்றால் விளைச்சல் கூடியது என்று பொருள் இல்லை. ஒரு பகுதியில் 100 டன் தக்காளி விளைந்து கிலோ 10 ரூபாய்க்குப் போனால் மதிப்பு 10 லட்சம். மறு ஆண்டு மழை கெடுத்து 60 டன்தான் விளைந்து, விலை 30 ரூபாய் ஆனால் மதிப்பு 18 லட்சம். புள்ளிவிவரத்தில் 80 சதவிகித வளர்ச்சி! சந்தையிலோ சரக்கே இல்லை. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாம் பார்த்தது இந்த நிலைதான். அதனால் புள்ளியியல் துறையினர் நடப்பு விலையில் ஒரு மதிப்பும், குறிப்பிட்ட ஓர் ஆண்டின் விலையை நிலையாக வைத்து மற்றொரு மதிப்பும் தருவார்கள். சரக்கு வரத்தை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. அல்லது ரூபாயை விட்டுவிட்டு டன்னைப் பார்த்துவிடலாம்.

பாலும் முட்டையும்

கால்நடைக் கணக்கு வேறு வழியில் வருகிறது. தலை எண்ணிக்கைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கால்நடைக் கணக்கெடுப்பு. 1919ல் தொடங்கிய இதில் இருபதாவது கணக்கெடுப்பு 2019ல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் கோழியினம் மட்டும் 12 கோடிக்கு மேல், நாட்டிலேயே முதலிடம். இருபத்தோராவது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. பால், முட்டை, இறைச்சி உற்பத்தியோ ஆண்டுதோறும் மாதிரிக் கிராமங்களில் கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களில் கறந்து பார்த்து, எண்ணிப் பார்த்து மதிப்பிடப்படுகிறது. இதற்கு ஆண்டு மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். பயிருக்கு ஜூலை, பாலுக்கு மார்ச், நமது கணக்குப் புத்தகத்துக்கு ஏப்ரல்! மூன்றையும் ஒரே ஆண்டு என்று நினைத்துக் கூட்டினால் குழப்பம்தான்.

பால் கணக்கு லிட்டரில் இல்லை, எடையில் வரும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. ஒரு லட்சம் டன் என்றால் 10 கோடி லிட்டர் அல்ல, சுமார் 9 கோடியே 70 லட்சம் லிட்டர். மேலும் அறிக்கையில் உள்ள பால் முழுவதும் விற்பனைக்கு வருவதில்லை. வீட்டுக்கு வைத்துக்கொண்டதும் அதில் அடங்கும். டீக்கடை, இனிப்பகம், பால் முகவர் ஆகியோருக்கு வேண்டியது சந்தைக்கு வரும் உபரி. அது எப்போதும் உற்பத்தியைவிடக் குறைவு. நெல்லுக்கும் இதே கதைதான், விதைக்கும் வீட்டுக்கும் கூலிக்கும் போனது போகத்தான் மண்டி.

இருந்தாலும் கால்நடையை உபதொழில் என்று ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் 2023-24 பால் உற்பத்தி சுமார் 23 கோடியே 93 லட்சம் டன். மதிப்பில் பார்த்தால் நெல்லையும் கோதுமையையும் கூட்டினாலும் பாலுக்கு ஈடாகாது. வேளாண்மை மற்றும் சார்புத் தொழில்களின் மொத்த மதிப்புக் கூட்டலில் கால்நடையின் பங்கு 2014-15ல் சுமார் 24 சதவிகிதமாக இருந்தது, 2022-23ல் 30 சதவிகிதத்தைத் தாண்டியது. தீவனம், புண்ணாக்கு, தவிடு வியாபாரத்தில் இருக்கும் நமது உறுப்பினர்கள் இந்தப் போக்கைக் கவனிக்க வேண்டும். வயல் சுருங்கும் ஊரிலும் மாடு இருந்தால் தீவனக் கடைக்கு வேலை உண்டு.

கணக்கில் வைக்கோலுக்கும் மதிப்பு உண்டு, சாணத்துக்கும் உண்டு. வைக்கோல் பயிர் மதிப்பில் சேர்கிறது. அதைத் தின்ற மாட்டின் பால் கால்நடை மதிப்பில் சேர்கிறது. இரண்டையும் வெறுமனே கூட்டினால் வைக்கோல் இருமுறை வந்துவிடும். விதை, உரம், தீவனம் போன்ற இடுபொருள்களைக் கழித்துச் சொல்லும் 'மொத்த மதிப்புக் கூட்டல்' என்ற தொகைதான் இந்த இரட்டிப்பு இல்லாதது. பத்திரிகையில் எந்தத் தொகையைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெரிய தொகையைத்தான் தலைப்பில் போடுவார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'கவுண்டி' எனப்படும் மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் வேளாண் ஆணையர் இருக்கிறார். பாதாம், திராட்சை, பால், மாடு என்று இனம் இனமாகப் பரப்பு, விளைச்சல், விலை, மதிப்பு எல்லாவற்றையும் ஒரே சிறு புத்தகத்தில் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். பிரெஸ்னோ என்ற ஒரு கவுண்டியின் 2023ஆம் ஆண்டு மதிப்பு மட்டும் 800 கோடி டாலருக்கு மேல். இது மொத்த மதிப்பே தவிர விவசாயியின் லாபம் அல்ல என்ற எச்சரிக்கையும் அப்புத்தகங்களில் இருக்கும். நம் நாட்டில் பரப்பும் விளைச்சலும் ஒரு வெளியீட்டில், விலை இன்னொன்றில், பால் கணக்கு வேறொரு துறையில். மாவட்ட வாரியாக ஒரே இடத்தில் கிடைத்தால் வியாபாரிக்கு எவ்வளவு உதவி! சங்கங்கள் வரி விஷயத்தோடு நிற்காமல் இதையும் கேட்க வேண்டும்.

எல்லை மாறினால் எண்ணும் மாறும்

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. முன்பு நாம் எல்லோரும் செங்கல்பட்டு மாவட்டம். 1997ல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2011ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018ல் அம்பத்தூர் வட்டமே சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே உள்ளன. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தின் பரப்பு ஓர் ஆண்டில் இறங்கினால், வயல் மனையானதா, வட்டம் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். மனையானதும் உண்மைதான், அதை மறைக்க முடியாது. ஏரிகளைச் சுற்றி நெல் விளைந்த ஊர்கள் கண்ணெதிரே வீடுகளாகிவிட்டன. ஆனால் அந்த வீடுகளில்தான் நம் வாடிக்கையாளர்கள் குடியிருக்கிறார்கள். சரக்கு வரும் தூரம் நீண்டுகொண்டே போகிறது, லாரி வாடகையும் அதோடு நீள்கிறது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டுத் திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை நடந்தபோது, சென்னைக்கு வரும் காய்கறியில் வெளி மாவட்ட, வெளி மாநிலச் சரக்கு எவ்வளவு என்பதைப் பூந்தமல்லிக்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். தக்காளிக்குக் கோலாரும் மதனப்பள்ளியும், முட்டைக்கு நாமக்கல்லும்தான் நமக்கு விளைநிலம். எனவே உள்ளூர் மாவட்ட அறிக்கையை மட்டும் படித்து இவற்றில் கொள்முதல் முடிவு எடுப்பதில் அர்த்தம் இல்லை. அந்தந்த மாவட்டத்து வரத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

உள்ளூர் அறிக்கை உதவுவது அரிசிக்கும் நிலக்கடலைக்கும். நமது மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று நெல் பருவங்கள் உண்டு. சம்பா தை மாதத்தை ஒட்டி வரும். நவரை சித்திரையில் வரும். சொர்ணவாரி ஆவணி வாக்கில் வரும். முழு ஆண்டு அறிக்கை அச்சாகி வரும்போது அந்த நெல் அரிசியாகி, விற்று, தின்று தீர்ந்திருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சம்பா வயல்கள் மூழ்கியபோது, அந்தப் பசலியின் ஆண்டே 2024 ஜூனில்தான் முடிந்தது. அறிக்கை அதற்கும் பிறகு. அவசரத்துக்கு இது உதவாது. எந்தப் பருவம் எவ்வளவு பரப்பு, ஐந்தாறு ஆண்டுகளில் எது கூடுகிறது, எது தேய்கிறது என்று பார்க்கவே இது நல்ல கருவி. உடனடி நிலவரத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வரத்து விலைப் பட்டியலும், நேரடிக் கொள்முதல் நிலையங்களில் மூட்டை எவ்வளவு இறங்குகிறது என்ற விசாரிப்பும்தான் வழி.

மாவட்டப் புள்ளிவிவரக் கையேட்டைத் திருவள்ளூரில் உள்ள புள்ளியியல் துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பருவ மற்றும் பயிர் அறிக்கைகள் துறையின் இணையதளத்திலும் உள்ளன. வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது முன்னுரையை அல்ல, அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் உள்ள குறிப்பை. ஆண்டு எது, நெல்லா அரிசியா, ஹெக்டேரா ஏக்கரா, நடப்பு விலையா நிலை விலையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.