கைச்சாவி கிராமபோன்
20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி

மாணவர்களே, இதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளர இசைத்தட்டு நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுழலும். தட்டைக் கூர்ந்து பாருங்கள்: ஓரத்திலிருந்து நடுவரை சுருண்டு செல்வது ஒரே வரிப்பள்ளம். அதன் நுண்ணிய நெளிவுகளில் ஓடும் எஃகு ஊசி ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது. அந்த ஒலியைப் பெரிதாக்குவது இந்தக் குழல்தான்.

தட்டு அரக்குக் கலவையால் ஆனது. கை தவறினால் உடைந்துவிடும். 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே பாட்டு. மணிக்கணக்கில் பாடிப் பழகிய வித்வான்களும் அதற்குள் முடிக்க வேண்டியிருந்தது! 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரையும் உரக்கச் சொன்னார்.

ஊசி விரைவில் தேயும். பக்கத்துக்கு ஒரு புது ஊசி மாற்றுவார்கள்.