கடனட்டைப் புள்ளிகள்: யார் கொடுக்கிறார்கள்?

சம்பளம் வந்த வாரத்தில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் கடனட்டைப் பேச்சுத்தான். எந்த அட்டைக்கு எந்த நாளில் சுப்பர் மார்க்கெட்டில் 25 வீதக் கழிவு என்பது சிலருக்கு மனப்பாடம். அவர்களின் சூட்சுமம் இதுதான். ஸ்டேட்மென்ட் போடும் நாளுக்கு மறுநாள் பொருள் வாங்கினால் அடுத்த ஸ்டேட்மென்டுக்கு ஒரு மாதம், அதற்குப் பிறகு கட்டுவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். சுமார் 50 நாட்களுக்கு வங்கியின் பணம் வட்டியில்லாமல் கையில் இருக்கும். புள்ளியும் சேரும்.

கணக்கு வாத்தியார் என்பதால் போட்டுப் பார்த்தேன். 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளி 50 சதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபா செலவழித்தால் கிடைப்பது 200 ரூபா. ஒரு மாதம் கை கடித்து 5,000 மட்டும் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 24 வீதம் என்றாலும் மிகுதி 35,000க்கு மாதம் 700 ரூபா வட்டி. மூன்றரை மாதப் புள்ளி போயிற்று. வட்டியைப் பொதுவாகப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே எண்ணுவார்கள். அந்தக் கடன் தீரும்வரை, புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சில கடைகளில் அட்டையை நீட்டினால் 3 வீதம் கூட்டிக் கேட்பார்கள். வங்கி கடைக்காரரிடம் எடுக்கும் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் போடக் கூடாது என்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1,200 ரூபா கொடுத்து 200 ரூபாப் புள்ளி வாங்குவது என்ன கெட்டித்தனம்?

உண்மையான கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். 1999இல் அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் பிலிப்ஸ், உணவுப் பொதியின் பட்டைக் குறியீட்டை அனுப்பினால் விமான மைல் என்ற சலுகையைப் பார்த்து 12,150 புடிங் கிண்ணங்களை வாங்கினார். செலவு சுமார் 3,140 டொலர். கிடைத்தது 12 இலட்சத்துக்கும் அதிகமான மைல்கள். புடிங்கைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சலுகையின் விதியில் கடனோ வட்டியோ இல்லை.

கடனட்டை அப்படியல்ல. “நான் நேரத்துக்கு முழுசாகக் கட்டுறேனே சேர், வட்டி எங்கே வருது?” என்பார்கள். ஆனால் தாமதித்தால் வட்டி தருகிறேன் என்ற நிபந்தனையின் கீழ்தான் கையெழுத்து வைக்கிறோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2000 செப்டம்பரில் ரியாதில் நடந்த 12ஆவது அமர்வில், சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் அத்தகைய அட்டை கூடாது என்று தீர்மானித்தது. அனுமதிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் புள்ளிக்கான காசில் ஒரு பங்கு, நேரத்துக்குக் கட்ட முடியாமல் போனவரின் வட்டி. அவர் அதே ஓய்வறையில் அடுத்த கதிரையில் இருக்கலாம்.

கழிவு வேண்டுமென்றால் விளம்பரத்தின் சிறிய எழுத்தை வாசியுங்கள். பல சலுகைகள் டெபிட் கார்டுக்கும் உண்டு. நெக்ஸஸ் போன்ற கடைகளின் சொந்தப் புள்ளித் திட்டங்களில் காசு கொடுத்து வாங்கினாலும் புள்ளி சேரும். காசாளரிடம் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் போதும்.