தப்பிச்சேன்டா சாமி!

போன வாரம் பெண்ணை ஸ்கூட்டரில் ஸ்கூலுக்கு அழைத்துப் போகிறேன். நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னாலிருந்து பெரியவர் ஒருவர் சட்டென்று ரோட்டில் இறங்கிவிட்டார். க்ரீச்! முன் சக்கரத்துக்கும் அவர் வேட்டிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ‘‘வீட்ல சொல்லிட்டு வந்தியாப்பா?’’ என்று நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்!

விஷயம் தெரிந்ததும் மனைவி, ‘‘ஒண்ணும் ஆகலையே... விடுங்க’’ என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். பி.காம். புத்தி விடுமா? பெரிய நஷ்டம் வந்தால்தான் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பேன் என்கிற கடை உருப்படுமா, சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 100 கார்களில் கேமரா பொருத்தி, சுமார் ஓராண்டு கவனித்தது. 2006-ல் முடிவு வந்தது. மோதியது 82 தடவை. மயிரிழையில் தப்பியது 761 தடவை! மோதல்களில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தில், அதற்கு முந்தைய 3 விநாடிக்குள் டிரைவரின் கவனம் பிசகியிருந்தது. தப்பியவற்றில் 65 சதவிகிதம். ஆக, இரண்டும் பெரும்பாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்! என்ன, தப்பித்தவன் போலீஸுக்கும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. காரணம் அங்கேயே கிடக்கிறது, அடுத்தவனுக்காக.

‘‘அந்தப் பெரியவர் பார்க்காம இறங்கிட்டார்’’ என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

‘‘இல்லப்பா... டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு சொன்னேன்ல? நீதான் திரும்பிப் பார்த்தே’’ என்றாள் பெண்.

3 விநாடி!

இப்போது டைரியில் தினமும் எழுதுகிறேன்: எங்கே, எப்படி, யார் தப்பு. இந்த வாரம் 4 ‘தப்பிச்சேன்’. அதில் 3 என் கணக்கு. மனைவி கண்ணில் படாமல் டைரியை ஒளித்து வைத்திருக்கிறேன். பார்த்தால் ஸ்கூட்டர் சாவி போச்சு!